தரைக்கு வினைல் ஓடு ஒட்டப் போகிறீர்களா?

தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "பக்கத்து வீட்டுல தரைக்கு டைல் போட்டுட்டாங்க, நம்ம வீடு மட்டும் வெறும் சிமெண்டாக் கெடக்குதே" என்று வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மோட்டார் சைக்கிளில் இரண்டு பெட்டி வினைல் ஓடும் ஒரு டின் பசையும் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார். கொந்தராட்டுக்காரருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத வீட்டில் நாமே ஒட்டிக்கொள்வது நல்ல யோசனைதான். கையில் தொழில் உள்ளவர்கள் நாம். மரத்துப் பட்டையைக் காயம் படாமல் சீவுகிற கைக்கு ஓடு ஒட்டுவது ஒரு பெரிய வித்தை அல்ல.

"சரி, ஓடு ஒட்டுறதுக்கும் உடல்நலப் பக்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. வெடித்துப் பெயர்ந்த சிமெண்டுத் தரையில் எத்தனை தடவை கூட்டினாலும் தூசி எழும். வெடிப்புக்குள் கரப்பான் முட்டையும் எறும்பும் குடியிருக்கும். தவழுகிற குழந்தை அந்தத் தூசியிலேயே கையை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈரத்துணியால் ஒரு இழுப்பில் துடைக்கக்கூடிய வழவழப்பான தரை, குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் உள்ள வீட்டுக்கு மருந்து மாதிரி. அந்த மருந்தைப் போடும் வேலையிலேயே நோயை வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வினைல் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. கடைக்காரர் 'தீக்கார் கெத்தா' என்று சுருளாக விற்பதும் இந்த இனம்தான். கெத்தா என்று பேர் இருந்தாலும் நாம் வெட்டுகிற பாலில் ஒரு சொட்டும் அதில் கிடையாது. பிவிசி என்னும் பிளாஸ்டிக், சுண்ணாம்புக்கல் தூள், அதை வளையச் செய்யும் எண்ணெய் போன்ற ரசாயனங்கள், இவற்றைச் சேர்த்துச் செய்வது. சதுரமாக வெட்டி விற்றால் ஓடு, சுருட்டி விற்றால் தீக்கார்.

பழைய ஓட்டைச் சுரண்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சேமநிதிப் பணத்தைப் போட்டுப் பழைய தாமான் வீடு ஒன்றை வாங்குகிறவர்கள் நம்மில் பலர். வீடு 1960களிலோ 70களிலோ கட்டியதாக இருக்கும். தோட்டங்களிலும் பழைய கிராணி வீடு, மனமகிழ் மன்றம், ஆபீஸ் கட்டிடம் முதலியவற்றில் அந்தக் காலத்து ஓடுகள் இன்னும் கிடக்கலாம். 9 அங்குலச் சதுரம், சில இடங்களில் 12 அங்குலம். வளையாது, உடைத்தால் பிஸ்கட் போலப் படக்கென்று உடையும். அடியில் தார் போன்ற கறுப்புப் பசை. இப்படி ஒரு தரை உங்கள் வீட்டில் இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1980கள் வரை பல நாடுகளில் செய்த வினைல் ஓடுகளில், உறுதிக்காக அஸ்பெஸ்டாஸ் நாரைக் கலந்தார்கள். கறுப்புப் பசையிலும் கலந்தது உண்டு. கண்ணால் பார்த்து 'இதில் இருக்கிறது, இதில் இல்லை' என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஓடு முழுசாக ஒட்டிக் கிடக்கும்வரை பயமில்லை. நார் அதற்குள் கட்டுண்டு கிடக்கிறது. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து, சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மிச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டும்போதுதான் வினை. மயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய நார்கள் காற்றில் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு வாசம் தெரியாது, இருமலும் வராது. நெஞ்சுக்குள் போய்த் தைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. 20 வருஷம், 30 வருஷம், சிலருக்கு 40 வருஷம் கழித்து நுரையீரல் இறுகிப்போவதாகவோ, நுரையீரல் புற்றுநோயாகவோ, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மெசோதீலியோமா என்னும் புற்றுநோயாகவோ அது வெளிப்படும். அஸ்பெஸ்டாஸைச் சுவாசித்தவர் சிகரெட்டும் பிடிப்பவராக இருந்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1965-ல் லண்டனில் ஒரு மருத்துவமனை தன்னிடம் வந்த மெசோதீலியோமா நோயாளிகளின் கதையைத் தோண்டிப் பார்த்தது. 76 பேரின் வாழ்க்கைக் குறிப்பு கிடைத்தது. அவர்களில் 9 பேர் அஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள் அல்லர். அவர்கள் வீட்டில் வேறு ஒருவர் அந்த வேலை செய்திருந்தார். புருஷனுடைய, சகோதரனுடைய வேலை உடுப்பை உதறித் துவைத்த பெண்கள் அவர்களில் அதிகம். உடுப்பில் ஒட்டி வந்த தூசிதான் அவர்களுக்கு எமனாயிற்று. அது ஆலைத் தூசி, நாள்தோறும் வந்த தூசி. ஒரு நாள் ஒரு ஓட்டை உடைத்துவிட்டவருக்கு இந்தக் கதி வந்துவிடும் என்று அர்த்தமல்ல. எவ்வளவு தூசி, எத்தனை காலம் என்பதைப் பொறுத்தது ஆபத்து. போன வருஷம் ஏற்கெனவே பெயர்த்துப் போட்டவர்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். இனிமேல் செய்யாமல் இருந்தால் போதும். சிகரெட்டை விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

ஆகவே, பழைய ஓடு உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பெயர்க்காமல், நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அதன் மேலேயே புதிய ஓட்டை ஒட்டலாம். அங்கங்கே ஓடு ஆடுகிறது, உடைந்திருக்கிறது என்றால் பசையே வேண்டாம், மேலே தீக்கார் கெத்தாவைச் சும்மா விரித்து, ஓரத்தில் மரச்சட்டமோ சாமானோ வைத்து அமுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு ஓடு கழன்று கையோடு வருகிறது என்றால், தூள் சோப்புக் கரைத்த தண்ணீரை முதலில் நன்றாகத் தெளித்து ஊறவிட்டு, உடைக்காமல் முழுசாக எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். இடத்தை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பையில் போடுங்கள். துடைப்பம் கூடாது. தூசி உறிஞ்சும் சாதாரண மின்கருவி அதைவிடக் கூடாது; ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் அது வீடெல்லாம் ஊதிவிடும். கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் நீல முகமூடி இந்த நாரைத் தடுக்காது.

தரை முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்றால் அது நம் வீட்டு வேலை அல்ல. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் அஸ்பெஸ்டாஸ் கழிவு, எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணோடு, அட்டவணையிட்ட அபாயக் கழிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. செம்பனைக் காட்டு ஓரத்தில் கொட்டிவிட்டு வரக்கூடிய குப்பை அல்ல அது. எப்படி அப்புறப்படுத்துவது என்று சுற்றுச்சூழல் இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது என்றால் எதையும் தொடுமுன் ஆபீசில் ஒரு வார்த்தை கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்புப் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446-ஆம் எண் சட்டம், வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கிறது. தரை வெடித்திருப்பதையும் தண்ணீர் ஊறுவதையும் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நம் காசைப் போட்டு ஓட்டால் மூடி மறைப்பானேன்?

தரை வியர்க்கிறதா?

பழைய சிமெண்டுத் தரைகளில் பலவற்றின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது. மண்ணின் ஈரம் மேலே ஏறும். வெறும் சிமெண்டாக இருக்கும்போது அந்த ஈரம் காற்றோடு போய்விடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. மேலே வினைலை ஒட்டி மூடினால் போக வழியில்லாமல் பசையை இளக்கி, ஓட்டைத் தூக்கி, அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை அடிக்கும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சளியும் இழுப்பும் விடாது. "எத்தனை மருந்து வாங்கியும் ராத்திரி இருமல் நிக்கலியே" என்று கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடக்கும் தாய்மார்கள், ஓட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பது நல்லது. பழைய காலத்து ஓடு என்றால் தூக்க வேண்டாம். மேலே சொன்னது ஞாபகமிருக்கட்டும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரண்டடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் அகலமான ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுதும் விட்டு எடுத்துப் பாருங்கள்; மழைக்காலமானால் மூன்று நாள் விடுங்கள். தாளின் அடியில் வியர்வை போலத் தண்ணீர் முத்து முத்தாக நின்றாலோ, சிமெண்டு அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ அந்தத் தரைக்கு ஒட்டும் ஓடு ஆகாது. வீட்டின் இரண்டு மூன்று இடங்களில், முக்கியமாகப் பின்சுவர் ஓரத்தில், இப்படிப் பார்ப்பது நல்லது. ஈரம் வருவதற்குக் காரணம் பல சமயம் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கும்: அடைத்துக்கொண்ட சாக்கடை, கூரைத்தண்ணீர் சுவரோரமே விழுவது, சுவரை ஒட்டிக் குவித்த மண். அதைச் சரி செய்தால் தரையும் காயும், ஏடிஸ் கொசுவுக்கும் ஒரு வீடு குறையும்.

புதிதாகப் போட்ட சிமெண்டானால் அவசரப்படாதீர்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காய வேண்டும் என்பது மேஸ்திரிகள் கணக்கு. பள்ளம் மேடு இருந்தால் சிமெண்டுக் கலவையால் நிரப்பலாம். ஆனால் ஈரச் சிமெண்டில் மண்டியிடாதீர்கள். அது தோலை மெதுவாகச் சுடும். வேலை மும்முரத்தில் எரிச்சல் தெரியாது. சாயங்காலம் சிலுவாரைக் கழற்றும்போது முட்டியில் தோல் வெந்திருக்கும். மேட்டைத் தேய்ப்பதானால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். காய்ந்த சிமெண்டுத் தூசியில் உள்ள மணல் நுண்தூளும் நுரையீரலுக்கு எதிரிதான்.

பசை டின்னைத் திறக்குமுன்

கடையில் மூன்று வகை கிடைக்கும். அடியில் பசை தடவித் தாள் ஒட்டியே வரும் ஓடு ஒன்று. பால் போல வெள்ளையாக, ஈரமாயிருக்கும்போது தண்ணீரில் கழுவினால் போகும் பசை ஒன்று. மஞ்சளாக, தேன் போல, மூக்கைத் துளைக்கும் வாடையுள்ள பசை ஒன்று. வீட்டுக்கு முதல் இரண்டும் போதும். மூன்றாவது நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த டின்னின் பக்கவாட்டைப் படித்துப் பாருங்கள். 'மூடா தெர்பாக்கார்' என்று போட்டு நெருப்புப் படம் இருக்கும். டோலுவீன், எக்சேன் போன்ற ஆவியாகும் திரவங்களில் கரைத்த பசை அது.

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. புகை மேலே போகும், இது கீழே போகும். தண்ணீர் கொட்டினால் எப்படித் தரையோடு ஓடுமோ அப்படி ஹாலிலிருந்து சமையல் கட்டுக்கும் சாமி அறைக்கும் சத்தமில்லாமல் ஓடும். நம் வீடுகளில் சாமி விளக்கு தரைக்குப் பக்கத்தில்தான் எரிகிறது. கேஸ் அடுப்பும் பல வீட்டில் தாழத்தான். ஹாலில் பசை தடவிக்கொண்டிருப்பவர் சிகரெட்டே பிடிக்காதவராக இருக்கலாம். பின்னால் அம்மா தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தால் நெருப்பு தரையோடு ஓடி வந்து ஹாலைப் பிடிக்கும். ஆகவே டின்னைத் திறக்குமுன் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், அடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. கேஸ் சிலிண்டர் வாயையும் மூடிவிடுங்கள். ஐஸ் பெட்டியின் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்துங்கள், அது தானாக ஓடி நிற்கும்போதும் பொறி தட்டும். காற்றாடி ஓட வேண்டுமானால் டின்னைத் திறக்குமுன்பே ஓட விடுங்கள். நடுவில் சுவிட்சைத் தட்டாதீர்கள்.

உடம்புக்கு என்ன செய்யும்? முதலில் கண் எரியும், தலை வலிக்கும். பிறகு கள்ளுக் குடித்தவர்போலத் தலை சுற்றும், பேச்சு குழறும், வாந்தி வரும். தனக்கு ஏறிவிட்டது என்பது அவருக்கே தெரியாது. கூட ஒருவர் வெளியே இருந்து குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மயங்கியவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ கோப்பியோ ஊற்றக் கூடாது.

ஒரு நாள் வாடை ஒரு நாளோடு போகும். நாள்தோறும் சுவாசித்தால் நரம்பே கெடும். 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து வினைல் செருப்புக்குப் பசை தடவிய தொழிலாளர் பலருக்குக் கால் விரலும் கை விரலும் மரத்துப்போய், நடையே தளர்ந்தது. பசையில் இருந்த எக்சேன்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தோட்ட வேலை முடிந்து சாயங்காலத்தில் ஊரெல்லாம் ஓடு ஒட்டிக் கூலி வாங்கும் தம்பிமார் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இழுப்பு நோய்க்காரர்கள் ஆகியோரை அன்றைக்கும் அன்றிரவும் சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விட்டுவிடுங்கள். நீங்களும் மழை வராத காலை நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். தீபாவளிக் காலத்தில் மத்தியானத்துக்குமேல் மழை கொட்டும். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினால் உள்ளே மாட்டிக்கொண்டவர் பாடு திண்டாட்டம். இன்னொன்று: துணி முகமூடியும் சரி, விலை கூடிய என்-95 முகமூடியும் சரி, தூசிக்கு உதவினாலும் இந்த ஆவியைத் தடுக்காது.

கையில் ஒட்டிய பசையைப் பெட்ரோலாலோ தின்னராலோ கழுவாதீர்கள். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்துப் பிறகு சோப்புப் போட்டால் மெல்ல வந்துவிடும்.

கோடு போட்டு ஒட்டுங்கள்

சுவரோரத்தில் ஆரம்பித்து ஒட்டிக்கொண்டே போவதுதான் எல்லாரும் செய்வது. எந்த வீட்டுச் சுவரும் நேராக இருப்பதில்லை. எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேரும்போது ஓடு கோணிப்போய் நிற்கும், பெயர்த்து மறுபடி ஒட்டுவார்கள், பசை டின் இரண்டாகும். நடுவில் ஆரம்பியுங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவை அளந்து, சாக்குக்கட்டித் தூள் தடவிய நூலை இழுத்துக் கட்டி, ஒரு சுண்டு சுண்டினால் நேர்க்கோடு விழும். மற்ற இரண்டு சுவருக்கும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டும் இடத்திலிருந்து ஒன்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிக்கும் இடையே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை மட்டம் சரி.

பசை தடவாமல் ஒரு வரிசையை முதலில் அடுக்கிப் பாருங்கள். அறை 10 அடி 4 அங்குல அகலம் என்று வையுங்கள். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் 5 அடி 2 அங்குலம். ஓரடி ஓடு ஐந்து போனால் சுவரோரத்தில் 2 அங்குலத் துண்டு தொங்கும். அது சீக்கிரம் பெயர்ந்து காலைத் தடுக்கும். ஆரம்பக் கோட்டை அரை ஓடு தள்ளிப் போட்டால் இரண்டு ஓரத்திலும் 8 அங்குலத் துண்டு வரும், பார்வைக்கும் அழகு. 10-க்கு 12 அடி அறைக்கு 120 ஓடு. வெட்டில் வீணாவதற்குப் பத்துக்கு ஒன்று வீதம் சேர்த்து 132 வாங்குங்கள். பெட்டியின் மேல் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் கொஞ்சம் மாறும்.

தரையில் தூசி துளியும் இருக்கக் கூடாது. கூட்டி, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பசையைப் பல்லுள்ள கரண்டியால் மெல்லியதாக இழுத்து, விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் கையோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் ஓட்டை வையுங்கள். நகர்த்தாமல், நேராக இறக்குங்கள். அழுத்துவதற்கு விலைகொடுத்து உருளை வாங்க வேண்டாம். அம்மிக் குழவியைப் பழந்துணியில் சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் காற்றெல்லாம் வெளியேறும். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்தால் வீட்டில் சண்டை வராது.

வெட்டும்போது ஓட்டை மடியில் வைக்காதீர்கள். பலகைமேல் வைத்து, இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கத்தியால் இரண்டு தடவை கீறி, மடித்தால் ஒடியும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். அலகை அடிக்கடி மாற்றுங்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். இடையிடையே தூக்கித் தூக்கிப் பார்த்தால் ரத்தம் நிற்காது. விரலை மடக்க முடியவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். காப்பித்தூள் வைத்துக் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவுக்காரர்கள் வெறுங்காலோடு இந்த வேலை செய்யக் கூடாது. கீழே கிடக்கும் அலகுத் துண்டு காலில் ஏறினாலும் அவர்களுக்கு உறைக்காது.

முட்டிக்கும் ஒரு வார்த்தை. பல மணி நேரம் வெறுந்தரையில் மண்டியிட்டால் முட்டிச் சில்லுக்கு முன்னால் உள்ள நீர்ப்பை வீங்கி, எலுமிச்சம்பழம்போல உருண்டு நிற்கும். பழைய சாக்கை நாலாக மடித்து முட்டிக்கடியில் போடுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். வீங்கிய முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் எண்ணெய் நீவாமல் டாக்டரிடம் காட்டுங்கள், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம்.

மிச்சமிருப்பதை என்ன செய்வது?

வெட்டிய துண்டுகளைப் பின்னால் போட்டுக் கொளுத்துவது நம் பழக்கம். வினைலை மட்டும் கொளுத்தாதீர்கள். எரியும் பிவிசியிலிருந்து உப்பு அமில ஆவி கிளம்பித் தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும். டயாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகும். அது சாம்பலோடும் புகையோடும் நம் கீரைப் பாத்தியிலும் கோழிக் கொட்டகையிலும்தான் படியும். மூட்டையாகக் கட்டிக் குப்பை லாரிக்குக் கொடுங்கள்.

மிச்சப் பசையையும் தின்னரையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பது இன்னொரு பழக்கம். தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பராகுவாட் மருந்து இந்நாட்டில் 2020 ஜனவரி 1-ஆம் தேதி தடை செய்யப்பட்டதற்கு முன்னால், அதைப் போத்தலில் ஊற்றி வைத்து, தாகத்தில் எடுத்துக் குடித்துச் செத்தவர்களின் கதை நம்மிடையே எத்தனை! வந்த டின்னிலேயே இருக்கட்டும். குழந்தை தின்னரையோ பசையையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கினால் இன்னும் மோசம். டின்னோடு குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பெற்றோர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிக்கலாம், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி டின் பசை கொட்டகையில் பூட்டில்லாமல் கிடந்தால் அதைத் தேடி வரும் பையன்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி மோந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகள் சிலரைப் பிடித்திருக்கிறது. அந்த ஆவி இருதயத்தின் துடிப்பைத் தாறுமாறாக்கும். மோந்துவிட்டு ஓடும்போதோ, யாராவது அதட்டித் திடுக்கிடும்போதோ இருதயம் அப்படியே நின்றுபோவது உண்டு, முதல் தடவையிலேயே நின்றுபோனவர்களும் உண்டு. பையன் மோந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தால் கத்தி விரட்டாதீர்கள். அமைதியாகப் பையை வாங்கி, காற்றுள்ள இடத்தில் உட்கார வைத்து, தெளிந்தபிறகு பேசுங்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவு சின்ன டின்னாக வாங்குவதும், மிச்சத்தை அன்றே பூட்டி வைப்பதும் பெரியவர்கள் வேலை.

ஒட்டி முடித்த தரையில் ஒரு நாளைக்குக் கனமான அலமாரி எதையும் இழுக்காதீர்கள். நான்கைந்து நாளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். புது வாடை போகும்வரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும். பளபளப்புக்காக மெழுகு பூசுவதும், துடைக்கும் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலப்பதும் கூடாது. மெழுகு வழுக்கும், மண்ணெண்ணெய் வினைலையும் பசையையும் இளக்கும். வழவழப்பான ஓட்டைக் குளியலறைக்குள் போடவே போடாதீர்கள், அங்கே சொரசொரப்பான சிமெண்டுதான் நல்லது. குளித்துவிட்டு ஈரக்காலோடு பாட்டி முதல் அடி எடுத்து வைக்கும் இடத்தில், அடியில் ரப்பர் பிடிப்புள்ள ஒரு கால்மிதி போடுங்கள், பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடியுங்கள்.